பின்னால் திரும்பிய ஆறு ஆணிகள்

1964 பிப்ரவரி 8, சனிக்கிழமை. நியூயார்க் பிளாசா ஹோட்டலில் ஜார்ஜ் ஹாரிசன் தொண்டை வீங்கி, காய்ச்சலோடு படுத்துக் கிடந்தார். பீட்டில்ஸ் குழு அமெரிக்க மண்ணில் கால்வைத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் இரவு எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாசித்தாக வேண்டும். மற்ற மூவரும் சென்ட்ரல் பார்க்கில் பத்திரிகைப் படக்காரர்களுக்குச் சிரித்துக்கொண்டிருக்க, இவருக்குக் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. அந்தக் கட்டிலைத் தேடித்தான் அன்று ஒரு கிதார் வந்தது. கலிபோர்னியாவில் செய்து முடித்து இரண்டு மூன்று மாதம்கூட ஆகாத புதுக் கிதார். மின்சாரக் கிதார்தான், ஆனால் ஆறு தந்திக்குப் பதில் பன்னிரண்டு.

புகழ்பெற்றவர்களின் கிதார்களுக்கு வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கைமாறிய கதையைத்தான் எழுதுவார்கள். அடகுக் கடை, திருட்டு, பரண், கடைசியில் ஏலம். ஜார்ஜிடமே அப்படிப்பட்ட கிதார் ஒன்று இருந்தது. 1963 செப்டம்பரில், பீட்டில்ஸ் பெயரை அமெரிக்காவில் யாரும் கேள்விப்பட்டிராத நாளில், அவர் இல்லினாய் மாநிலத்தில் குடியிருந்த அக்காவைப் பார்க்கப் போனார். அப்போது மவுண்ட் வெர்னன் என்ற ஊரில் ரிக்கன்பேக்கர் 425 ஒன்றை வாங்கினார். ஜான் லென்னனின் கிதாரோடு பொருந்துவதற்காக அதற்குக் கறுப்பு வண்ணமும் அடிக்கச் சொன்னார். அது அவரை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் கழித்து, 2014-இல் ஏலத்தில் 6,57,000 டாலருக்கு விலைபோனது. பன்னிரண்டு தந்திக் கிதாருக்கு இப்படிச் சுவையான கதை எதுவும் கிடையாது. வந்த நாளிலிருந்து 2001 நவம்பரில் ஜார்ஜ் இறக்கும்வரை அது அவருடையதாகவே இருந்தது. அதனால் மரத்தைப் பின்தொடர்ந்து போனால் ஒரு வீட்டு வாசலிலேயே கதை முடிந்துவிடும். ஊர் ஊராகப் போனதெல்லாம் அதன் ஓசை.

முதலில் பன்னிரண்டு தந்தி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். தந்திகள் பன்னிரண்டு என்றாலும் வாசிக்கிறவரின் விரலுக்கு அவை ஆறு ஜோடிகள்தான். ஒரே விரல் இரண்டு தந்தியைச் சேர்த்து அழுத்தும். மெல்லிய ஓசை தரும் கடைசி இரண்டு ஜோடிகளில் இரு தந்திகளும் ஒரே சுருதி. மற்ற நான்கிலும் தடித்த தந்தியோடு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தி ஒன்று துணையாக நிற்கும். ஒரே சுருதி என்று சொன்னாலும் இரண்டு தந்திகள் அச்சு அசலாக ஒன்றுபோல ஒலிப்பதில்லை. ஒன்று வினாடிக்கு 440 முறை அதிர்ந்து, பக்கத்துத் தந்தி 441 முறை அதிர்ந்தால், வினாடிக்கு ஒருமுறை ஓசை ஏறி இறங்கும். இந்த மெல்லிய அலைவுதான் பன்னிரண்டு தந்திக் கிதாரின் மினுமினுப்பு. அளவோடு இருந்தால் மணியோசை. கொஞ்சம் கூடினால் காது கூசும். இந்த வாத்தியத்தை வைத்திருப்பவர்கள் வாசிக்கும் நேரத்தைவிடச் சுருதி சேர்க்கும் நேரமே அதிகம் என்று அலுத்துக்கொள்வதில் மிகையேதும் இல்லை.

மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கிதாரைப் பெருமைப்படுத்தியவர் லெட் பெல்லி. லூசியானாவில் பிறந்து, சிறைகளில் பல ஆண்டுகள் கழித்து, நாட்டுப்புறப் பாடல்களின் களஞ்சியமாக வாழ்ந்து 1949-இல் மறைந்த கறுப்பினக் கலைஞர். அவருடைய ஸ்டெல்லா கிதாரின் கனத்த முழக்கம் பீட் சீகர் போன்ற அடுத்த தலைமுறைப் பாடகர்களைப் பிடித்துக்கொண்டது. 1963 தொடக்கத்தில் ரூஃப்டாப் சிங்கர்ஸ் என்ற குழு பன்னிரண்டு தந்திக் கிதார்களை முன்னால் வைத்துப் பாடிய ஒரு பாட்டு அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடம் பிடித்தது. மாணவர் விடுதிகளில் ஆளுக்கொரு கிதார் வைத்துக்கொண்டு நாட்டுப்புறப் பாட்டுப் பாடிய காலம் அது. கிதார்க் கம்பெனிகள் இதைக் கவனிக்காமல் இருக்குமா?

அப்படிக் கவனித்தவர்களில் ஒருவர் எஃப்.சி. ஹால். தெற்குக் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் வானொலிக் கருவி வியாபாரம் செய்தவர். சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறிய அடால்ஃப் ரிக்கன்பேக்கரிடமிருந்து 1953-இல் அவருடைய கம்பெனியை வாங்கியிருந்தார். வாணலி போன்ற வடிவத்தால் ‘ஃபிரையிங் பேன்’ என்று பெயர் பெற்ற மின்சாரக் கிதாரை 1930-களின் தொடக்கத்திலேயே சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனி அது. 1950-களில் ஜெர்மனியிலிருந்து வந்த ரோஜர் ராஸ்மைஸ்ல் என்ற கைவினைஞர் அதற்கு நளினமான வடிவங்களை வரைந்து கொடுத்தார். உடலின் ஒரு பகுதி உள்ளே வெற்றிடமாக இருக்கும் 300 வரிசை அவருடைய வேலை. அதில் ஒன்றான 360 மாடலில்தான் பன்னிரண்டு தந்தியைக் கட்டிப் பார்க்க 1963-இல் முடிவாயிற்று.

மின்சாரப் பன்னிரண்டு தந்தி என்ற எண்ணம் ரிக்கன்பேக்கருக்கு முன்பே இருந்தது. 1950-களிலேயே இரட்டைக் கழுத்துக் கிதார்களில் ஒரு கழுத்துக்குப் பன்னிரண்டு தந்தி பூட்டியிருக்கிறார்கள்; டேன்எலெக்ட்ரோவின் பெல்ஸூக்கி 1961-இலேயே வந்துவிட்டது. முதலாவது என்ற பட்டத்தை ரிக்கன்பேக்கருக்குச் சூட்டுகிறவர்கள் இவற்றை மறந்துவிடுகிறார்கள். சாண்டா ஆனாக்காரர்கள் செய்தது வேறு: அந்த எண்ணத்தை ஒருவர் மேடையில் அவதியில்லாமல் வாசிக்கக்கூடிய பொருளாக மாற்றினார்கள்.

அதற்கான பெருமை டிக் பர்க் என்ற தொழிற்சாலை ஊழியருக்குச் சேர வேண்டும். பாட்டு ரசிகர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட அவர் பெயர் தெரியாது. பன்னிரண்டு தந்திக்குப் பன்னிரண்டு முறுக்காணிகள் வேண்டும். வழக்கமான முறையில் பக்கத்துக்கு ஆறாக அடுக்கினால் கிதாரின் தலை நீண்டு, எடை கூடி, கையை விட்டால் கழுத்து தரையைப் பார்க்கத் தொங்கும். பர்க் ஆறு ஆணிகளை எப்போதும்போல் பக்கவாட்டில் நீட்டவிட்டார். மற்ற ஆறுக்கும் தலையின் முன்பக்கத்தில் நீளவாக்கில் இரண்டு பள்ளங்கள் குடைந்து, ஸ்பானிய மரபுக் கிதாரில் இருப்பதுபோல் ஆணிகளைப் பின்புறமாகத் திருப்பி வைத்தார். தலையின் நீளம் ஆறு தந்திக் கிதாரின் அளவிலேயே நின்றது. இன்னொரு லாபமும் கிடைத்தது. ஒரு ஜோடியின் இரு தந்திகளுக்கும் ஆணிகள் அருகருகே, ஆனால் வெவ்வேறு திசையில் இருப்பதால், எந்த ஆணி எந்தத் தந்திக்கு என்ற குழப்பம் இல்லை. மற்றப் பன்னிரண்டு தந்திக் கிதார்களில் ஒன்றைச் சுருதி சேர்ப்பதாக நினைத்து வேறொன்றைத் திருகுவது அன்றாடச் சங்கடம். ஜார்ஜுக்கு இந்தக் கிதாரில் முதலில் பிடித்துப்போனதே இந்த ஏற்பாடுதான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. சாதாரணப் பன்னிரண்டு தந்தியில், மேலிருந்து கீழாகக் கை வீசும்போது ஒவ்வொரு ஜோடியிலும் மெல்லிய ஸ்தாயித் தந்தி முதலில் மீட்டப்படும், தடித்தது பிறகு. ரிக்கன்பேக்கரின் முதல் மாதிரி இந்த வழக்கப்படியே கட்டப்பட்டு, லாஸ் வேகாஸ் மேடைக் கலைஞர் சூஸி ஆர்டனிடம் போனது. இரண்டாவது மாதிரியில் வரிசையை மாற்றிப் போட்டார்கள். தடித்தது முதலில் அதிரும். மெல்லியது அதன் நிழல்போல் பின்னால் வரும். பாட்டின் மெட்டை அடித் தந்திகளில் வாசித்தாலும் சுரம் தெளிவாக விழுந்து, மினுமினுப்பு அதன் மேல் படர்வதற்கு இதுதான் காரணம். தந்தி வரிசையை இடம்மாற்றுவதற்குக் காலணாச் செலவில்லை. ஆனால் பிற்பாடு ஆயிரக்கணக்கானோர் பணம் கொடுத்துத் தேடிய ஓசையில் பாதி இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்பேன்.

அந்த இரண்டாவது மாதிரிதான் பிளாசா ஹோட்டலுக்கு வந்தது. ஒலிபெருக்கிக்குப் போகும் மின்கம்பியைச் செருகும் இடத்தைச் சுற்றியுள்ள சிறு உலோகத் தகட்டில் சி.எம். 107 என்று பொறித்திருக்கும். ரிக்கன்பேக்கர் கணக்கில் சி என்றால் 1963, எம் என்றால் டிசம்பர். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் வெள்ளைப் பட்டை ஓட, நடுவில் மஞ்சள் தொடங்கி ஓரத்தில் தீச்சிவப்பாக முடியும் ‘ஃபயர்குளோ’ வண்ணம். ரொட்டி சுடும் கருவியின் மேல்பக்கத்தைப்போல் இருப்பதால் ‘டோஸ்டர்’ என்று செல்லமாக அழைக்கப்படும், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் இரண்டு பிக்கப்கள். பன்னிரண்டு தந்திகளையும் தாங்கும் பாலத்தில் ஆறே ஆறு தாங்கிகள்; ஜோடிக்கு ஒன்று. அதனால் கழுத்தின் மேல் கட்டைகளில், அதாவது தந்தியை அழுத்தும் குறுக்குப் பட்டைகளில், சுருதி முழுச் சுத்தமாக நிற்க வழியில்லை. பொறியாளர் பார்வையில் குறைதான். 1964 நடுவில் இந்த மாடலின் முன் விளிம்பை வளைவாக்கிப் புது வடிவம் கொடுத்தார்கள். ஆகவே ஜார்ஜிடம் இருந்தது பழைய வடிவத்தில் வந்த மிகச் சில கிதார்களில் ஒன்று.

இவ்வளவு சிறிய கம்பெனி பீட்டில்ஸை எப்படிப் பிடித்தது? கதையின் நுனி ஜெர்மனியில் இருக்கிறது. பெல்ஜியத்துக்காரரான டூட்ஸ் தீலெமான்ஸ் ஜாஸ் உலகில் மவுத் ஆர்கனுக்குப் பெயர் பெற்றவர். கையில் ரிக்கன்பேக்கர் கிதாரும் வைத்திருந்தார். அவரைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் லென்னன் 1960-இல் ஹாம்பர்க் நகரக் கடையில் ரிக்கன்பேக்கர் 325 ஒன்றை வாங்கினார். பீட்டில்ஸின் புகழ் ஏறியதும், தன் கிதாரை அவர்கள் வைத்திருப்பதைச் செய்தியில் பார்த்த ஹாலுக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் அமெரிக்கா வரும் நேரத்தில் தானும் நியூயார்க்கில் இருக்கப்போவதைப் போட்டிக் கம்பெனிகள் அறிந்துவிடக் கூடாது, யாரிடமும் மூச்சுவிடாதே என்று தன் விற்பனையாளருக்குக் கடிதம் எழுதினார். பிளாசாவுக்கு எதிரே இருந்த சவோய் ஹில்டனில் அறை எடுத்துக் கிதார்களைப் பரப்பிவைத்தார். வாசித்துக் காட்ட அழைத்துவந்தது யாரை? அதே தீலெமான்ஸை.

மூன்று பீட்டில்களும் வந்து பார்த்தார்கள். பால் மெக்கார்ட்னிக்கு இடக்கைப் பேஸ் கிதார், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான கிதார், ஒன்று காத்திருந்தது. அவர் அன்று அதை எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு தந்தியைக் கையில் வாங்கிய லென்னன், இதை ஜார்ஜ் பார்க்க வேண்டும் என்றார். ஹாலும் கிதாருமாகத் தெருவைக் கடந்து நோயாளியின் அறைக்குப் போனார்கள். மறுநாள் எட் சல்லிவன் நிகழ்ச்சியை ஏழு கோடிக்கும் அதிகமானோர் பார்த்தபோது ஜார்ஜ் தோளில் தொங்கியது கிரெட்ச் கிதார்தான். ரிக்கன்பேக்கர் இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருந்தது.

பிப்ரவரி 25, ஜார்ஜின் 21-வது பிறந்தநாள். லண்டன் ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘யூ கான்ட் டூ தட்’ பாட்டைப் பதிவுசெய்தார்கள். அதன் தொடக்கத்திலேயே புதுக் கிதார் சில்லென்று வந்து நிற்கிறது. ஆனால் உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தது ஏப்ரல் 16-இல் பதிவான ‘எ ஹார்ட் டேஸ் நைட்’. பீட்டில்ஸின் முதல் திரைப்படத்துக்கான தலைப்புப் பாட்டு. ஒற்றை வீச்சில் ஒரு ஸ்வரக்கூட்டு, ஓரிரு வினாடி காற்றில் தொங்கும், பிறகுதான் பாட்டு. அந்தக் கூட்டில் என்னென்ன சுரங்கள் என்று அறுபது ஆண்டாக வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரவுன், ஓசையை அதன் தனித்தனி அதிர்வுகளாகப் பிரிக்கும் ஃபூரியே பகுப்பாய்வு என்ற கணித முறையைக் கொண்டு அதைப் பிரித்துப்போட்டு, கிதார்களோடு பியானோவும் கலந்திருக்கிறது என்று 2004-இல் எழுதினார். ஜார்ஜோ தன் கடைசி ஆண்டில் இதை எளிதாக முடித்துவிட்டார்: பன்னிரண்டு தந்தியில் எஃப், அதன் மேல் ஜி, பேஸில் என்ன சுரம் என்பதைப் பால் மெக்கார்ட்னியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் வேறு வேறு விடை கேட்பதற்குப் பன்னிரண்டு தந்தியும் ஒரு காரணம். ஸ்தாயித் தந்திகள் எழுப்பும் கூடுதல் சுரங்களை எந்தக் கருவியின் கணக்கில் எழுதுவது என்று காதுக்குப் புரிவதில்லை.

அதே பாட்டின் நடுவில் வரும் தனி வாசிப்பில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஜார்ஜ் கிதாரிலும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பியானோவிலும் ஒரே மெட்டை நிதானமாக வாசித்தார்கள். நாடாவை முழு வேகத்துக்குத் திருப்பியதும் வேகம் இரட்டிப்பாகி, சுருதி ஒரு ஸ்தாயி ஏறி, இரண்டு வாத்தியங்களும் ஒட்டிக்கொண்டு இன்னதென்று சொல்ல முடியாத மூன்றாவது வாத்தியம் பிறந்தது. இதை ஏமாற்று என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதே மெட்டை மேடையில் அவர் முழு வேகத்தில் வாசித்துக் காட்டிய பதிவுகளும் இருக்கின்றன. அங்கே கொஞ்சம் தடுமாற்றம் உண்டு, உயிரும் உண்டு.

படம் 1964 ஜூலையில் வெளியானது. லாஸ் ஏஞ்சலஸில் அதைப் பார்க்கப் போனவர்களில் ஒருவர் பின்னாளில் ரோஜர் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஜிம் மெக்குவின். நாட்டுப்புறப் பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாகப் பன்னிரண்டு தந்தியும் பாஞ்சோவும் வாசித்துவந்த இளைஞர். திரையில் ஜார்ஜின் கிதாரைப் பார்த்தபோது முதலில் அது ஆறு தந்தி என்றே நினைத்தார். முன்னாலிருந்து பார்த்தால் ஆறு ஆணிகள்தானே தெரியும். ஜார்ஜ் பக்கவாட்டில் திரும்பிய ஒரு கணத்தில், தலைக்குப் பின்னாலிருந்து இன்னும் ஆறு ஆணிகள் நீட்டிக்கொண்டிருப்பது கண்ணில்பட்டது. மெக்குவின் கையிலிருந்த வாத்தியங்களைக் கொடுத்துவிட்டு ஒரு ரிக்கன்பேக்கர் 360/12 வாங்கினார். சாண்டா ஆனா தொழிற்சாலையில் இடநெருக்கடியைச் சமாளிக்க ஒருவர் திருப்பி வைத்த ஆணிகள், ஒரு திரையரங்கில் இப்படி வேலை செய்தன.

மெக்குவின் ஜார்ஜைப் போல வாசிக்கவில்லை. விரல்களில் உலோக நகங்கள் மாட்டி, பாஞ்சோவில் பழகிய உருட்டல்களை மின்சாரத் தந்தியில் இறக்கினார். ரிக்கன்பேக்கரின் ஓசை தானாகவே நீண்டு நிற்காது, மீட்டியதும் மழுங்கிவிடும். கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில், ஓசையின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் என்ற கருவி வழியாக அதை அழுத்தி, ஒவ்வொரு சுரமும் மங்காமல் நிற்கும்படி செய்தார்கள். 1965 ஜனவரியில் இப்படிப் பதிவான ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ அந்த ஆண்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. மெக்குவினின் குழுவான பேர்ட்ஸின் பெயரில் வெளிவந்தாலும் அந்தப் பதிவில் வாத்தியம் வாசித்த ஒரே குழு உறுப்பினர் மெக்குவின்தான். மற்ற வாத்தியங்கள் கூலிக்கு வாசிக்கும் கலைஞர்களுடையவை. பன்னிரண்டு தந்தி என்றதும் இன்று நம் காதில் ஒலிக்கும் மணிச்சரம் ஜார்ஜுடையதைவிட மெக்குவினுடையதே என்பது என் கட்சி. ஜார்ஜ் கதவைத் திறந்தார். உள்ளே போய்க் குடியேறியவர் இவர்.

அதன் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பேர்ட்ஸின் முதல் தொகுப்பில் ‘தி பெல்ஸ் ஆஃப் ரிம்னி’ என்றொரு பாட்டு இருக்கிறது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிக் கவிஞர் இட்ரிஸ் டேவிஸ் எழுதிய வரிகளுக்குப் பீட் சீகர் மெட்டுப் போட்டு, பன்னிரண்டு தந்தியில் வாசித்துப் பாடியது. சீகர் அந்த வாத்தியத்தைக் கற்றது லெட் பெல்லியிடமிருந்து. சீகரிடமிருந்து பாட்டை எடுத்த மெக்குவின் தன் ரிக்கன்பேக்கரில் அதற்கு ஒரு சுழலும் சங்கதியை உருவாக்கினார். 1965 அக்டோபரில் ஜார்ஜ் ‘இஃப் ஐ நீடட் சம்ஒன்’ என்ற தன் பாட்டைப் பதிவுசெய்தபோது, ஏழாவது கட்டையில் எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கேப்போ என்ற பிடியை மாட்டி வாசித்த சங்கதி அந்த மெக்குவின் சங்கதியின் பிள்ளை. திருடிவிட்டு மறைக்கவில்லை. பீட்டில்ஸிடம் வேலை பார்த்துவிட்டு அப்போது பேர்ட்ஸுக்கு விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்த டெரக் டெய்லர் மூலம், இது உங்கள் பாட்டிலிருந்து வந்தது என்று சொல்லியனுப்பினார். லூசியானாவில் புறப்பட்ட வாத்தியம், ஜார்ஜ் கையால் மின்சாரமேறி மெக்குவினிடம் போய், வட்டியோடு ஜார்ஜிடமே திரும்பி வந்துவிட்டது.

அந்தச் சங்கதியை நம் ஊர்க் காதோடு கேட்டால் ஹரிகாம்போதியின் சுரங்கள் புலப்படும். அடிச் சுரம் அசையாமல் நிற்க, மேலே மெட்டு நகரும். இதில் வியப்பில்லை: 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் மெக்குவினும் அவருடைய குழுத் தோழர் டேவிட் கிராஸ்பியும் ஜார்ஜிடம் ரவி சங்கரின் இசையைப் பற்றி வாய் ஓயாமல் பேசியிருந்தார்கள். ஜார்ஜ் அதே அக்டோபரில்தான் முதன்முதலாகச் சித்தாரையும் ஒலிப்பதிவில் வாசித்தார். அடுத்த ஆண்டு ரவி சங்கரிடமே மாணவராகச் சேர்ந்தார்.

சித்தார் வந்ததும் பன்னிரண்டு தந்தி ஓரங்கட்டப்பட்டது. 1965 பிப்ரவரியில் பதிவான ‘டிக்கெட் டு ரைட்’ பாட்டில் அது இன்னும் அரசாள்கிறது. அந்த ஆகஸ்டில் மினியாபொலிஸ் நகர இசைக்கடை ஒன்று வளைந்த விளிம்புள்ள புது வடிவ 360/12 ஒன்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. 1966-க்குப் பிறகு பீட்டில்ஸ் பதிவுகளில் அந்த ஓசையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வேறு கைகளில் அது பல்கிப் பெருகியது. பிரிட்டனில் ரோஸ் மோரிஸ் கம்பெனி இறக்குமதி செய்து 1993 என்ற மாடல் எண்ணில் விற்ற பன்னிரண்டு தந்தியை தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தோளில் மாட்டினார். அது ஆண்டு அல்ல, வெறும் மாடல் எண். பழைய விளம்பரங்களைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு. 1970-களின் இறுதியில் டாம் பெட்டியும் மைக் கேம்பலும், 1980-களில் தி ஸ்மித்ஸின் ஜானி மாரும் அதே மணிச்சரத்தை எடுத்தாண்டார்கள்.

‘எ ஹார்ட் டேஸ் நைட்’ படத்தை மறுபடி பார்க்கிறவர்கள், ஜார்ஜ் நேராக நின்று வாசிக்கும் காட்சியில் நிறுத்தி ஆணிகளை எண்ணிப் பார்க்கலாம். ஆறுதான் வரும். அவர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்.